டபுள் ஸ்லீப்பிங் பேக் வாங்கலாமா?

கேள்வி: திருவான்மியூரில் வசிக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், மூன்று வயது மகன். பொங்கல் விடுமுறையில் சொந்தக் காரில் ஏலகிரிக்குப் போய் டென்ட்டில் தங்க நினைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் அடுத்த டிசம்பரில் கொடைக்கானல். கார் சிறியது. இணையத்தில் டபுள் ஸ்லீப்பிங் பேக் (இருவர் உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சடைத்த பை) ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறோம். ‘மைனஸ் 5 டிகிரி’ என்று போட்டிருக்கிறது. பையனை நடுவில் போட்டுக்கொண்டால் ஒரே பையில் மூன்று பேர் படுத்துவிடலாம், மகளுக்கு மட்டும் தனியாக ஒன்று வாங்கினால் போதும் என்கிறார் கணவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரே மாடலில் இரண்டு ஒற்றைப் பைகள் வாங்குங்கள். நீள்சதுர வடிவில், ஒன்றோடொன்று ஜிப் போட்டு இணைக்கக்கூடியவையாக இருக்கட்டும். மிச்சத்தை அடியில் விரிக்கும் மேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைகளும் கொடைக்கானலுக்குத்தான். ஏலகிரிக்கு ஸ்லீப்பிங் பேக்கே தேவையில்லை.

எவ்வளவு குளிரும் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி இறங்கும். பொங்கல் சமயத்தில் சென்னையில் இரவு 21 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே ஏறக்குறைய 14 டிகிரி இருக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே ஏழு, எட்டு. இது தோராயக் கணக்குதான். மேகமில்லாத இரவில் இன்னும் இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டியில் இதே கணக்கைப் போட்டால் ஆறரை டிகிரிதான் வருகிறது. ஆனாலும் அங்கே தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஏரிக்கரையும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியும் புகைப்படத்துக்கு அழகாக இருந்தாலும், டென்ட்டைச் சற்று உயரமான தரையில், காற்று நேரடியாக அறையாத இடத்தில் போடச் சொல்லுங்கள்.

பதினான்கு டிகிரி சென்னைக்காரர்களுக்குக் குளிர்தான். ஆனால் வீட்டில் இருக்கும் கம்பளிகளும் போர்வைகளும் அதற்குப் போதும். அந்தப் பயணத்துக்கு மேட் மட்டும் வாங்குங்கள், பை பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இனி அந்த ‘மைனஸ் 5’. இதற்கென்று சர்வதேசத் தரநிலை உண்டு: ஐஎஸ்ஓ 23537. அதற்கு முன்பு ஐரோப்பாவில் இஎன் 13537 இருந்தது. உடலைப் போலவே சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்துச் சோதிப்பார்கள்; அதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும். முதலாவது ‘கம்ஃபர்ட்’. சராசரிப் பெண் ஒருவர் கைகாலை நீட்டி, குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை அது. இரண்டாவது ‘லிமிட்’: சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கும் எல்லை. மூன்றாவது ‘எக்ஸ்ட்ரீம்’: ஆறு மணி நேரம் உயிர் தப்பலாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. முதல் எண்ணுக்கும் மூன்றாவதற்கும் இடையே இருபது டிகிரி வரை வித்தியாசம் வருவதுண்டு. எது என்று சொல்லாமல் ‘மைனஸ் 5’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது மூன்றாவது எண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தப் பை 12, 15 டிகிரிக்குத்தான் சுகமாக இருக்கும். கொடைக்கானல் டிசம்பரைத் தாங்காது. உங்களுக்கு வேண்டியது கம்ஃபர்ட் 5 டிகிரி என்று தெளிவாகக் குறிப்பிட்ட பை. கணவர் லிமிட்டைப் பார்த்து வாங்கலாம் என்பார். நீங்கள் கம்ஃபர்ட்டைப் பாருங்கள். பெரும்பாலான டபுள் பைகளை யாரும் இந்த முறையில் சோதிப்பதும் இல்லை. குழந்தைகளுக்கான பைகளுக்கு இந்தத் தரநிலையே பொருந்தாது.

டபுள் பையை நான் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம், கழுத்துப் பக்கம் விழும் இடைவெளி. ஒற்றைப் பையில் தோளுக்கு மேல் துணியை இழுத்து மூடிக்கொள்ளலாம். இருவர் படுக்கும் பையில் இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருந்துகொண்டே இருக்கும். ஒருவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் உள்ளே சேர்ந்த வெதுவெதுப்பான காற்று அந்த வழியாக வெளியே போய், குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரவில் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால் மற்றவர் பாதித் தூக்கத்தில் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ‘இருவர் உடல் சூடும் சேர்ந்தால் கதகதப்பு கூடும்’ என்ற விற்பனைப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. இருவரும் அசையாமல் படுத்திருந்தால் அது நடக்கும். மூன்று வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும்போது யார் அசையாமல் படுக்கிறார்கள்?

பையனை நடுவில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். டபுள் பை பெரும்பாலும் 150 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், ஏறக்குறைய நம் ஐந்தடிக் கட்டில். ஆனால் பை ஒரு குழாய். உடலின் பருமன் அந்த அகலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நெருக்கத்தில் சின்னப் பிள்ளை கீழே நழுவி, முகம் துணிக்குள் போய்விடலாம். ஒரு வயதுக்குக் குறைவான குழந்தையைப் பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் எந்தக் காரணத்துக்காகவும் படுக்கவைக்கக் கூடாது. மூன்று வயதுக்கும் தனிப் படுக்கையே நல்லது. உங்களை ஒட்டி, கை எட்டும் தூரத்தில். நல்ல கதகதப்பான உடை, சாக்ஸ், குல்லா, மார்புவரை போர்வை. மகளுக்குப் பெரியவர்கள் அளவிலேயே ஒற்றைப் பை வாங்கலாம், வளர்ந்தாலும் உதவும். கால் பக்கம் காலியாக இருக்கும் பகுதியை மட்டும் மடித்து வெளியிலிருந்து ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தைச் சூடாக்குவதற்கே பிள்ளையின் உடம்புச் சூடு செலவாகிவிடும்.

ஆக, மொத்தம் மூன்று ஒற்றைப் பைகள், பையனுக்கு வீட்டுக் கம்பளி. வேண்டுமானால் உங்கள் இரண்டு பைகளையும் இணைத்துக்கொள்ளலாம், குளிர் கூடினால் பிரித்துவிடலாம். முழுவதும் திறந்து ஒன்றை அடியிலும் ஒன்றை மேலேயும் போட்டால் உங்கள் இருவருக்கும் பொதுவான ரஜாய் ஆகிவிடும். முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் கடலோரத்தில் ஓர் இரவு தங்கினால் மெத்தை மாதிரி விரித்துப் படுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கல்யாண மண்டபத்தில் அறை கிடைக்காமல் தரையில் படுக்க நேர்ந்தால், ஒற்றைப் பை எடுபடும். டபுள் பை பரணில்தான் இருக்கும்.

இப்போது பலரும் கோட்டைவிடும் விஷயத்துக்கு வருகிறேன். பைக்குள் இருக்கும் பஞ்சு வெப்பத்தைத் தானாகத் தடுப்பதில்லை. பஞ்சுக்கு இடையில் அடைபட்டிருக்கும் காற்றுதான் தடுக்கிறது. முதுகுக்கு அடியில் உங்கள் எடையால் பஞ்சு நசுங்கிவிடுகிறது, காற்று போய்விடுகிறது. அதனால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பை இருந்தாலும் அடியில் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன சோதனையில் பொம்மையை மேட் மேல்தான் படுக்கவைக்கிறார்கள். மேட் இல்லாவிட்டால் பையில் போட்டிருக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

மேட்டின் தடுப்புத் திறனை ‘ஆர் வேல்யூ’ என்று குறிப்பிடுவார்கள். கொடைக்கானலுக்கு இரண்டிலிருந்து மூன்று வரை இருந்தால் போதும். இதில் ஒரு வசதி, ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் பத்து மில்லிமீட்டர் ஃபோம் மேட் ஒன்று முதல் இரண்டு வரை தரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் துண்டு துண்டாகக் கோத்து விரிக்கும் ஃபோம் தரை விரிப்பு இருக்குமே, அதைக் கழற்றி எடுத்துப் போங்கள். டென்ட் முழுவதும் பரப்பி அதன் மேல் மேட்டைப் போட்டால் செலவில்லாமல் ஓர் அடுக்கு சேர்ந்துவிடும். உள்ளே எதுவும் இல்லாத டபுள் ஏர் பெட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குள் இருக்கும் காற்று சுழன்று, உடல் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஒருவர் புரண்டால் இன்னொருவர் துள்ளி எழுவார். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் ஃபோமை ஏர் பெட்டுக்குக் கீழே அல்ல, மேலே விரியுங்கள். இரண்டு மேட்டுகளை அருகருகே போட்டால் நடு இரவில் விலகி, இடுப்பு பள்ளத்தில் இறங்கும். இரண்டின் மேலும் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து ஓரங்களை அடியில் சொருகிவிட்டால் நகராது.

பையை நேரில் பார்த்து வாங்குங்கள். கடையில் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தையல் கோடு நெடுக வெளிச்சம் தெரிந்தால், மேல் துணியையும் உள்துணியையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுகள் எல்லாம் குளிர் நுழையும் வழிகள். அடுத்து ஜிப்பைத் திறந்து அதன் பின்புறம் கட்டை விரலை ஓட்டிப் பாருங்கள். பஞ்சடைத்த உருளைப் பட்டி ஒன்று ஜிப்பின் முழு நீளத்துக்கும் விரலில் தட்டுப்பட வேண்டும். அது இல்லாத பை கொடைக்கானலுக்கு ஆகாது. பிறகு ஜிப்பை வேகமாக நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். உள்துணியைக் கவ்வினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இருட்டில், தூக்கக் கலக்கத்தில் அழும் பிள்ளையோடு அந்த ஜிப்பிடம் மல்லுக்கட்ட முடியாது. இரண்டு பைகளையும் கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லவும். ‘சேரும்’ என்று சொல்வது வேறு, பல்லும் நீளமும் பொருந்திச் சேர்வது வேறு. ‘200 ஜிஎஸ்எம்’ (சதுர மீட்டருக்கு 200 கிராம் பஞ்சு) என்று போட்டிருந்தால் அது ஓர் அடுக்குக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

உள்ளே வாத்து இறகா, பாலியஸ்டரா என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: பாலியஸ்டர். காரில் போகிறீர்கள், எடை பிரச்சினை இல்லை. இறகு நனைந்தால் கட்டியாகி வெப்பம் காக்காது, நம் ஊர் ஈரப்பதத்தில் பராமரிப்பதும் பாடு.

பைக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய உள்ளுறை தனியாக விற்கிறார்கள். வாங்க வேண்டாம். எட்டு முழப் பருத்தி வேட்டியைக் குறுக்கே பாதியாக மடித்து, ஒரு நீளப் பக்கத்தை முழுக்கவும் எதிர்ப் பக்கத்தைப் பாதிவரையும் தைத்துவிட்டால் ஆள் உயரத்துக்கு உறை தயார். வியர்வையும் எண்ணெயும் அதோடு போய்விடும், பையை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்காது. வாடகைக்கு எடுக்கும் பையாக இருந்தால் இந்த உறை இல்லாமல் படுக்கவே கூடாது.

துவைப்பதிலும் டபுள் பை தொந்தரவுதான். ஏழு கிலோ வாஷிங் மெஷினில் திணித்தால் சோப்பு நீங்காது, பஞ்சும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒற்றைப் பையை ஃப்ரண்ட் லோடில் ஜிப்பை மூடிப் போடலாம். காயவைப்பது மொட்டை மாடியில் நிழல் இருக்கும் இடத்தில். உச்சி வெயில் துணியை நைந்துபோகச் செய்யும். பஞ்சு உள்வரை உலர இரண்டு நாள்கூட ஆகலாம், அவசரப்பட்டு மடித்தால் பூஞ்சை நாற்றம் போகாது. பயணம் முடிந்ததும், சுருட்டி அடைத்து வரும் அமுக்குப் பையிலிருந்து வெளியே எடுத்து, பழைய பருத்திப் போர்வையில் தளர்வாக மூட்டை கட்டி வையுங்கள். வருடம் முழுக்க அமுங்கியே கிடந்தால் பஞ்சின் உப்பல் திரும்பாது.

சிறிய காரின் டிக்கி 250 லிட்டர் அளவுதான் இருக்கும். உருட்டிய டபுள் பை அதில் ஒரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒற்றைப் பைகளை இருக்கைக்கு அடியிலும் பிள்ளைகளின் காலடியிலும் பிரித்துச் சொருகலாம்.

குளிர் தாங்கவில்லை என்று அடுப்புக்கரிச் சட்டியையோ ஸ்டவ்வையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி அணைந்தது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் விழிக்க மாட்டார். காரை மூடி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்து. குளித்துவிட்டு வரும்போது ஒரு பாட்டிலில் சுடுநீர் பிடித்து, மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும்; பகலில் போட்டிருந்த ஈரமான சாக்ஸை மாற்றியிருக்க வேண்டும்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டென்ட் போடும் இடம் காப்புக்காட்டுக்குள் வரவில்லை, உரிமையாளரிடம் அனுமதி இருக்கிறது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.