பெட்ரோல் ஆவி கசிவும் செக் இன்ஜின் விளக்கும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்கேனர் பி0455 என்ற பழுது கோட் காட்டியது. டேங்க் மூடியை மாற்றிவிட்டேன், விளக்கு இன்னும் எரிகிறது.

உடனே அணையாது. கசிவு நின்றதா என்று வண்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இந்தச் சோதனை, இன்ஜின் நன்றாக ஆறியிருந்து, டேங்க் கிட்டத்தட்ட 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நடக்கும். அரை டேங்க் வைத்துச் சில நாள் ஓட்டுங்கள். பழைய மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்ததா? இல்லையென்றால் குற்றவாளி வேறு ஆள். பி0455 'பெரிய கசிவு' என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் என்று சொல்லாது.

கேள்வி: பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறது. மற்ற நேரம் ஒரு குறையும் இல்லை.

பர்ஜ் வால்வைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டேங்கின் ஆவியைக் கேனிஸ்டரில் உள்ள கரி பிடித்து வைக்கும். இன்ஜின் சூடான பிறகு இந்த வால்வு திறந்து, அந்த ஆவியை உள்ளே விடும். அது மூடாமல் நின்றுவிட்டால், பெட்ரோல் நிரப்பும்போது எழும் ஆவி நேராக இன்ஜினுக்குப் போய் மூச்சு முட்ட வைக்கும்.

கடைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். இழுப்பே இருக்கக் கூடாது. விரலை உறிஞ்சிப் பிடித்தால், வால்வின் மின் பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் வால்வு போய்விட்டது, வயரிங் மேல் பழி போட வேண்டாம். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பங்கில் டேங்க் காலியாக இருந்தாலும் பெட்ரோல் போடும் துப்பாக்கி டக் டக்கென்று நின்றுவிடுகிறது.

டேங்கிலிருந்து காற்று வெளியேற வழியில்லை. காற்று போய்வரும் வென்ட் வால்வு, அதன் குழாய், வடிகட்டி மூன்றையும் பாருங்கள். சேறு, தூசி, சிலந்திக் கூடு எதுவும் இருக்கலாம். சிரிக்காதீர்கள்: அமெரிக்காவில் 2011-இல் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே வென்ட் குழாயில் கூடு கட்டிய சிலந்திதான். குழாய் அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கே விரிசல் விடலாம்.

கேள்வி: பி0456 வருகிறது. மெக்கானிக் கேனிஸ்டரை மாற்றச் சொல்கிறார்.

எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். பி0456 காட்டும் ஓட்டை சுமார் அரை மில்லிமீட்டர். கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வென்ட் வால்வை மூடிவிட்டுப் புகையை உள்ளே அனுப்பினால், ஓட்டை இருக்கும் இடத்தில் மெல்லிய இழையாகக் கசியும். அழுத்தம் 1 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்டினால் இல்லாத ஓட்டையும் வந்துவிடும்.

கேள்வி: ஆட்டோ கட் ஆன பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா?

கூடாது. மிகுந்த பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துக் கெடுக்கும்.

கேள்வி: விளக்கோடு வண்டி ஓட்டலாமா?

ஆவிக் கசிவு கோட் மட்டும் என்றால் ஓட்டலாம், இன்ஜினுக்கு ஆபத்தில்லை. பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.