ஆர்பிட்ரேட்டர் யாருடைய ஆள்? – வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: லாரிக் கடனில் ஐந்து தவணை பாக்கி. பைனான்ஸ் கம்பெனியே ஒரு வக்கீலை ஆர்பிட்ரேட்டராக (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவராக) போட்டு, விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கேட்டால், ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். போக வேண்டுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: ஒப்பந்தத்தில் இருந்தாலும் அந்த நியமனம் நிற்காது. வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு, தானாகவே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதே வழியில் தீர்ப்பளித்தது. அந்த வக்கீல் கம்பெனியின் மற்ற வழக்குகளையும் நடத்துபவர் என்றால், யார் நடுவராக இருக்கக்கூடாது என்று பட்டியலிடும், 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படியே அவருக்குத் தகுதி போய்விடுகிறது.

ஆனால் 'அதான் செல்லாதே' என்று கடிதத்தைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். நீங்கள் இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும், பின்னாலேயே அதை அமல்படுத்தக் கோர்ட்டில் நிறைவேற்று மனு வரும், லாரி ஜப்தியாகும்.

'இந்த நியமனத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. நடுவர் சட்டத்தின் 12(5) பிரிவின்படி தாங்கள் நடுவராக இருக்க முடியாது' என்று எழுதி, பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் கம்பெனிக்கும் நடுவருக்கும் அனுப்புங்கள். விசாரணைக்குப் போனால் முதல் நாளே இதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வருகைத்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'நடுவர் நியமனத்தில் ஆட்சேபனை இல்லை' என்று ஒரு வரி அச்சாகியிருந்தால் அடித்துவிட்டுப் போடுங்கள். தகராறு வந்தபிறகு எழுத்தில், வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் 12(5) தடை நீங்கும். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பின்னால் வாதாடுவார்கள்.

அதற்கும் மேல் அவர் விலகாவிட்டால், 14-ம் பிரிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பே வந்துவிட்டதா? அது கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் 34-ம் பிரிவில் ரத்து மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்குமேல் கிடையாது. தீர்ப்பு வந்த தபால் உறையை பத்திரப்படுத்துங்கள். தேதிக்கு அதுதான் சாட்சி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நடுவர் போனால் கடன் போகாது. இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரைப் போடுங்கள். முடியாவிட்டால் 11-ம் பிரிவில் உயர் நீதிமன்றம் நியமிக்கும்.

கேள்வி: வீடு கட்டியதில் கான்ட்ராக்டருடன் 20 லட்ச ரூபாய் தகராறு. ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவரை நடுவராக வைக்கலாமா, வக்கீல்தான் வேண்டுமா?
– திருச்சி வாசகர்

பதில்: தாராளமாக வைக்கலாம். நடுவருக்கு இன்ன படிப்பு, இத்தனை ஆண்டு அனுபவம் என்று 2019-ல் எட்டாவது அட்டவணை ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தார்கள், 2021-ல் எடுத்துவிட்டார்கள். எம்-புக்கை (கட்டுமான வேலையின் அளவுகளைக் குறித்துவைக்கும் புத்தகத்தை) பார்த்ததும் எந்த அளவு இடிக்கிறது என்று சொல்லக்கூடியவர் இந்த வழக்குக்கு நல்ல தேர்வுதான்.

இன்ஜினீயர்கள் சறுக்குவது வேறு இடத்தில். கான்ட்ராக்டரை மட்டும் கூட்டிக்கொண்டு சைட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். 'இந்த ஊரில் சதுர அடி ரேட் எனக்குத் தெரியாதா' என்று தன் கணக்கைப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல இரு தரப்புக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. காரணம் எழுதாமல் தொகையை மட்டும் குறிப்பிடுவதும் உண்டு. தீர்ப்பு ரத்தாக இவற்றில் ஒன்று போதும். ஆகவே, இதற்குமுன் எழுதிய தீர்ப்பு உண்டா, காரணம் விளக்கி எழுதும் பழக்கம் உண்டா என்று விசாரியுங்கள்.

கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசி முடியுங்கள். நான்காவது அட்டவணையின் மாதிரிக் கணக்கில் 20 லட்சத்துக்கு 97,500 ரூபாய். தனி நடுவர் என்றால் 25 சதவீதம் சேர்த்து 1,21,875.

கேள்வி: நானும் என் பார்ட்னரும் என் தாய்மாமாவையே நடுவராக ஏற்கிறோம். சட்டம் விடுமா?
– மதுரை வாசகர்

பதில்: விடும். ஏழாவது அட்டவணை 'நெருங்கிய குடும்பத்தார்' என்று சொல்வது கணவன்-மனைவி, வாழ்க்கைத் துணை, உடன்பிறந்தார், பிள்ளைகள், பெற்றோர் மட்டுமே; மாமா அதில் வரமாட்டார். இருந்தாலும் உறவை அவர் ஆறாவது அட்டவணைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கையில் எத்தனை வழக்குகள் இருக்கின்றன, பன்னிரண்டு மாதத்தில் முடிக்க நேரம் உண்டா என்பதும் அதே படிவத்தில் வரும். படிவத்தைப் படித்தேன், ஆட்சேபனை இல்லை என்று பார்ட்னரிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள். இன்றைக்குச் சரி என்பவர், தோற்றபிறகு 'அவன் மாமாதானே' என்பார்.