அலாரம் ஒயரைக் கழற்றிய பூம் லிஃப்டில் ஏற மறுக்கலாமா?

கேள்வி: கட்டுமான சைட்டில் பூம் லிஃப்ட் ('பூம்' எனும் நீளும் கையின் நுனியில் உள்ள கூடையில் ஆளை மேலே தூக்கும் வண்டி) ஓட்டுகிறேன். வாடகை வண்டி. சாய்வு அலாரம் அடிக்கடி அடித்து வேலை நிற்கிறது என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். ஏற மாட்டேன் என்றேன். "செக்கிங் படிவத்தில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறு, இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்" என்கிறார் சூப்பர்வைசர். சட்டப்படி நான் மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். ஆனால் அதைவிட அவசரமானது அந்தப் படிவம். தயவுசெய்து 'சரி' என்று கையெழுத்துப் போடாதீர்கள். நாளை விபத்து நடந்தால் விசாரணையில் முதலில் கேட்கப்படும் காகிதங்களில் அது ஒன்று. "ஆபரேட்டரே பார்த்துச் சரி என்று எழுதியிருக்கிறார்" என்று நிர்வாகம் பழியை உங்கள்மேல் தள்ளப் பார்க்கும். கண்ணால் கண்டதை எழுதுங்கள்: 'சாய்வு அலாரத்தின் ஒயர் கழற்றப்பட்டுள்ளது. வண்டியை இயக்கவில்லை.' தேதி, நேரம், வண்டி எண் போட்டுக் கையெழுத்திட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டி வண்டி சாய்ந்தால்தான் அந்த அலாரம் அடிக்கும். பூமை நீட்டிய நிலையில், சக்கரத்தடியில் உள்ள சிறு சரிவுகூட மேலே கூடையை வெகுதூரம் வெளியே தள்ளிவிடும். வண்டியே கவிழலாம்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 167). அப்படி விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1981ஆம் ஆண்டின் 155ஆம் உடன்படிக்கை. எல்லா நாடுகளும் இவற்றை ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எப்படிச் சொல்கிறது என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உரிமையோடு ஒரு கடமையும் உண்டு: விலகியதை உடனே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால் அதையே 'வேலைக்கு வரவில்லை' என்று திருப்பிவிடுவார்கள். அதனால் சூப்பர்வைசருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "அலாரத்தைச் சரிசெய்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினால் உடனே ஏறுகிறேன். அதுவரை தரையில் வேறு வேலை கொடுங்கள்." வேலை செய்யத் தயாராக இருந்தவர் நீங்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

வாடகை வண்டி என்பதால் உங்கள் முதலாளி தப்பிக்க முடியாது. ஒயர் கழன்ற நிலையிலேயே வண்டி வந்திருந்தால் வாடகைக்குக் கொடுத்தவரும் பதில் சொல்ல நேரலாம். வண்டியை ஒப்படைத்தபோது எழுதிய தாளைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். கூடைக்குள் உள்ள கொக்கியில் பெல்ட்டை மாட்டாமலோ, கூடையின் தடுப்புக் கம்பியின் மேல் ஏறி நின்றோ நீங்கள் வேலை செய்த படம் ஒன்று சிக்கினால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

வேலையை விட்டு நிறுத்தினால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இத்தகைய புகார்களுக்குப் பல நாடுகளில் காலக்கெடு மிகக் குறைவு. அந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.