களவு போச்சா, காணாம போச்சா

கடிதம்:

அக்கா வணக்கம். நான் தங்கச்சிமடம் பக்கம். ரெண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு செலக்ட் ஆயிட்டேன், அடுத்த மாசம் ட்ரெயினிங். கோச்சிங்ல படிச்சதெல்லாம் பழைய தண்டனைச் சட்டம் ஐபிசி, இப்ப அதுக்குப் பதிலா பிஎன்எஸ்ங்கறாங்க, 302, 420 எல்லாம் மாறிப்போச்சு, தலை சுத்துது. எப்படி மனப்பாடம் பண்றது, எந்த புக் வாங்கறது? டிபார்ட்மெண்ட்ல இருக்கற சொந்தக்கார அண்ணன் ஒருத்தர், "செக்ஷனெல்லாம் ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற ரைட்டர் பாத்துக்குவார், ஸ்டேஷனுக்கு வர்றதுல பாதி பொய் கம்ப்ளைன்ட், ஆளைப் பாத்தே எடை போடத் தெரியணும்"ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

பதில்:

தம்பி, என் கடைசித் தம்பி வயசு உனக்கு, நீன்னே சொல்றேன். வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். உங்க அம்மா எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சொல்லி பூரிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும்.

செக்ஷன் நம்பருக்கு இவ்வளவு பயம் வேண்டாம். 2024 ஜூலை 1-ல இருந்து புது சட்டம். கொலை 302 போயி 103 ஆச்சு, மோசடி 420 இப்ப 318(4), திருட்டு 379 இப்ப 303(2). அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு இன்னைக்கும் பழைய ஐபிசிதான், அதனால நீ படிச்சது வீணும் இல்ல. ஆறு மாசம் ஸ்டேஷன்ல இருந்தா நம்பர் தானா வாய்ல வந்துரும். அடிச்சு வாங்குன வாக்குமூலம் கோர்ட்ல நிக்காதுங்கறதையும் ட்ரெயினிங்லயே சொல்லித் தருவாங்க, கவனமா கேட்டுக்க.

அந்த அண்ணன் சொன்னாரு பாரு, பாதி பொய் கம்ப்ளைன்ட்னு, அதைப் படிச்சதும்தான் எனக்குப் பொறுக்கல. நீயும் அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்க, உனக்கு வெக்கமா இல்லையா? கடக்கரையில பொறந்த புள்ள நீ. உங்க அப்பா இல்லேன்னா தாத்தா, யாராவது ஒருத்தர் ஸ்டேஷன் வாசல்ல துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னிருப்பாக, கேட்டுப் பாரு.

உன் கடிதம் வந்த அன்னைக்குத்தான் எங்க வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியை ஒதுங்க வச்சுக்கிட்டிருந்தேன். அடியில அம்மாவோட வலை ஊசி கிடந்துச்சு, அதுல இன்னும் பச்சை நூல் சுத்தியிருக்கு. அப்ப நான் எட்டாவது படிச்சேன். அப்பா தென்கடல்ல சாயங்காலம் நண்டு வலை விட்டுட்டு வந்தாக, காலையில போனா வலை இல்ல, கல்லுல கட்டுன கயிறு மட்டும் கிடக்கு. பாறையில உரசி அறுந்தா கயிறு பிஞ்சு பிசிரு பிசிரா இருக்கும், இது கத்தி வச்ச மாதிரி நேரா அறுந்திருந்துச்சு. அந்தக் கயித்தை மஞ்சப் பையில போட்டுக்கிட்டு, அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்கறதால என்னையும் ஸ்கூலுக்கு லீவு போடச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாக. சம்மாட்டிகிட்ட, அதான் படகு முதலாளிகிட்ட, முன்பணம் வாங்கி எடுத்த வலை.

முதல் ஸ்டேஷன்ல, கடல்ல நடந்தது எங்க லிமிட் இல்ல, வள்ளம் கட்டுற ஊருக்குப் போன்னாங்க. அங்க போனா, வீடு எங்க, அந்த ஸ்டேஷனுக்குப் போன்னாங்க. வெயில்ல நடந்து திரும்பவும் முதல் எடத்துக்கே வந்தோம். ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரே மடமடன்னு எழுதி, கைநாட்டு வையின்னாரு. நான் மேசைக்குப் பக்கத்துல நின்னு எட்டிப் படிச்சேன். "எனது மீன்பிடி வலை கடலில் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." எனக்கு அப்ப சட்டம் என்ன தெரியும், "அய்யா, அப்பா களவு போச்சுன்னுதானே சொன்னாக"ன்னேன். அவர் என்னைப் பாக்கவே இல்ல, அப்பாவைப் பாத்து "படிச்ச புள்ளையோ"ன்னாரு. அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையால கைநாட்டு வச்சாக. மஞ்சப் பையை யாரும் தொறந்துகூடப் பாக்கல. ஒரு துண்டு ரசீது கூடக் கையில தரல.

மூணு மாசம் கழிச்சு வேற ஒரு கரையில அந்த வலை காஞ்சுக்கிட்டிருந்துச்சு. கிழிஞ்ச எடத்துல அம்மா பச்சை நூல் போட்டுத் தைச்சது அப்படியே இருக்கு. அப்பா பாத்துட்டு பேசாம வந்துட்டாக. காணாம போனதுன்னு எழுதிக் கொடுத்தவன் இப்ப களவுன்னு எப்படிச் சொல்றது, பச்சை நூல் அந்தத் தாள்ல எங்க இருக்கு?

இப்ப சட்டம் சொல்றேன் கேளு. போலீஸும் கோர்ட்டும் எப்படி நடக்கணும்னு சொல்ற புது சட்டம் பிஎன்எஸ்எஸ், அதுல 173-வது செக்ஷன். போலீஸ் நேரா நடவடிக்கை எடுக்கக்கூடிய குத்தம்னா, அது எந்த ஏரியாவுல நடந்திருந்தாலும் தகவலை வாங்கணும். ஜீரோ எஃப்.ஐ.ஆர்ங்கறது அதுதான், லிமிட் எவன்துன்னு அப்புறம் பாத்து அனுப்பிக்கலாம். வாயால சொன்னா எழுதணும், எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், அப்புறம்தான் கையெழுத்து, காப்பி இலவசமாத் தரணும். ஆன்லைன்ல அனுப்பினா மூணு நாளைக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். இதுல ஜீரோ எஃப்.ஐ.ஆரும் ஆன்லைனும்தான் சட்டத்துல புதுசா எழுதினது, படிச்சுக் காட்டுறதும் இலவசக் காப்பியும் அதுக்கு முன்னாடி இருந்த பழைய சட்டம் சிஆர்பிசி 154-லயே இருந்துச்சு, எங்கப்பா கைநாட்டு வச்ச அன்னைக்கும் அதேதான் சட்டம்.

உண்மையா பொய்யான்னு எடை போடறது எஃப்.ஐ.ஆருக்கு அப்புறம் வர்ற வேலை. லலிதா குமாரி வழக்குல 2013-ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிகள் இதைத்தான் சொன்னாங்க, அப்படிப்பட்ட குத்தம்னு தகவல்லயே தெரிஞ்சா பதிவு பண்ணியே ஆகணும். புது சட்டத்துல மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ளதுக்கு முன்விசாரணைன்னு ஒன்னு வச்சிருக்காங்க, அதுக்கும் டிஎஸ்பி பர்மிஷன் வேணும், 14 நாள்ல முடிக்கணும். ஆளோட வேட்டியையும் உப்புக்கறையையும் பாத்து ஸ்டேஷன் வாசல்ல பாராவுல காவலுக்கு நிக்கறவன் பண்ற விசாரணை இல்ல அது.

எஃப்.ஐ.ஆர் போடப்போறது நீ இல்ல, அது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி வேலைன்னு நீ சொல்லுவ. சரிதான். ஆனா பாராவுல நிக்கறது நீதான், மொத ஆளா "என்ன"ன்னு கேக்கப்போறதும் நீதான். அந்த "என்ன"வுலயே பாதிப் பேர் திரும்பிப் போயிருவாங்க தம்பி, அப்பா ரெண்டாவது தடவை எந்த ஸ்டேஷன் படியும் ஏறல. "எங்க லிமிட் இல்ல"ங்கற வார்த்தையை உன் வாய்ல இருந்து யாரும் கேக்கக்கூடாது, மரைன் போலீஸுக்குப் போங்கன்னு விரட்டறதும் கூடாது, கடல்ல போய் யாரு கோடு போட்டா?

புக் கேட்டிருந்த. பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், புது சாட்சியச் சட்டம் மூணும் தமிழ்ல வந்திருக்கு, கைடு வாங்காத, சட்டத்தையே வாங்கு. 173-ஐ உங்க அம்மாவுக்கு சத்தமாப் படிச்சுக் காட்டு, அதுக்குப் புரியலேன்னா உனக்கும் புரியலேன்னு அர்த்தம். ட்ரெயினிங்ல மாதிரி எஃப்.ஐ.ஆர் எழுதிப் பழகச் சொல்வாங்க. நீ முதல் முதல்ல எழுதறது தென்கடல்ல களவு போன ஒரு நண்டு வலையா இருக்கட்டும். எழுதி எனக்கு அனுப்பு, நான் பாக்கறேன். மஞ்சப் பையில இருக்கற கயித்தைக் கைப்பற்றினதாக் காட்டு, பச்சை நூலை விட்டுறாத.