நகையை அடகு வைக்கும் முன் ஒரு மவுஸ் வாங்குங்கள்

பொங்கல் முடிந்த மறுவாரம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. சம்பா அறுவடை நேரம். அரசு நெல் கொள்முதல் நிலையமான டிபிசியில் நெல்லைக் கொட்டிவிட்டு, காவலுக்குத் தம்பியை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார் அப்பா. கூடவே அம்மா, பிளஸ் டூ படிக்கும் பெண், அப்புறம் திருச்சியிலிருந்து வந்த மாமா. பேசியதெல்லாம் மாமாதான். இந்த வருஷம் நீட்டில் சீட் வராது, ஜூனிலிருந்து ஒரு வருஷம் லாங் டேர்ம் கோச்சிங்கில் போட்டுவிடலாம், விடுதியோடு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம், அக்கா நகை இருக்கிறது, சொசைட்டியில் வைத்தால் ஆயிற்று.

"கவலைப்படாதீங்க, நல்லதே நடக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அது வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அண்ணே, நகையைத் தொடாதீர்கள். உங்கள் பெண் இந்த மே மாதம் நீட் எழுதட்டும், ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் ஒரு வருஷத்தையும் அந்தப் பணத்தையும் அதில் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மாமா சொன்ன மருத்துவ சீட்டுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்கள் பெண் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அது இவளுக்கு வராது. அந்தக் கணக்கை நம்பித்தான் பாதி திட்டமே போட்டிருக்கிறார்.

அன்றைக்கு அவளுடைய அரையாண்டு வேதியியல் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான், கை தானாகவே முதல் பக்கத்துக்குப் போகும். பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்விகளில் இரண்டு இடத்தில் "ஆ" என்று குறியீடு போட்டுவிட்டு, எதிரே "இ"-யின் விடையை எழுதியிருக்கிறாள். குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுது என்று கேள்வித்தாளிலேயே இருக்கிறது, இரண்டில் ஒன்று தப்பானாலும் பூஜ்யம்தான். அடுத்து, இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பதில் ஆறு எழுத வேண்டும், அதில் 24ஆம் கேள்வி கட்டாயம். இவள் 24ஐ விட்டுவிட்டு வேறு ஆறு எழுதியிருக்கிறாள். ஆறும் சரி, ஐந்துக்குத்தான் மதிப்பெண். ஆக நான்கு மார்க் போனது, ஒன்றுகூடத் தெரியாமல் போனதில்லை. தேர்வில் கேள்வித்தாளைப் படிக்கவே பத்து நிமிஷம் தனியாகக் கொடுக்கிறார்கள். அதில் 24ஐயும், அதே மாதிரி மூன்று மதிப்பெண் பகுதியில் கட்டாயமான 33ஐயும் சுற்றி வட்டம் போடு, முதலில் அந்த இரண்டை எழுது என்று அவளிடம் சொன்னேன். மார்ச்சுக்கு இது போதும். இதற்கு ட்யூஷன் வேண்டாம்.

நீட் மாதிரித் தேர்வு கதை வேறு. 180 கேள்வியில் 61ஐத் தொடவே இல்லை. ஏம்மா என்றால், "தப்பாயிட்டா மைனஸ் சார்" என்கிறாள். தெரியாத தண்ணீரில் இறங்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், நான் சொல்லப்போகிற தேர்வுக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

அந்தத் தேர்வின் பெயர் க்யூட் (CUET). மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலை சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வு, 2022இல் ஆரம்பித்தது. நம் ஊரில் இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. திருவாரூர் போகிற வழியில் நீலக்குடியில் அந்தப் பெரிய வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், 2009இலிருந்து இருக்கிறது. வடக்கத்திப் பிள்ளைகள் படிக்கிற இடம் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் தாண்டிப் போகிறோம். பிளஸ் டூ முடித்து நேராக ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. அங்கே படிக்கலாம், வேதியியலும் உண்டு. கேரளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் பிள்ளைகள் ரயில் ஏறி வந்து சேருகிறார்கள், நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

2025இல் நடந்த முறையைச் சொல்கிறேன், விண்ணப்பிக்கும்போது, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கணினித் தேர்வு. ஒருவர் ஐந்து பாடம் வரை எழுதலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 50 கேள்வி, 60 நிமிஷம், விருப்பக் கேள்வி கிடையாது. சரியானால் ஐந்து, தப்பானால் ஒன்று கழிக்கப்படும். கேள்வித்தாளைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். மூன்று பாடம் வரை கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. எந்த படிப்புக்கு எந்தப் பாடங்கள் எழுத வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம்தான் சொல்லும், அதைப் பார்க்காமல் ஃபார்ம் போட்டால் நல்ல மார்க் எடுத்தும் சேர முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். பிரவுசிங் சென்டர் தம்பியின் கையில் இதை விடாதீர்கள்.

இப்போது அந்த மைனஸ் கணக்கு. க்யூட்டில் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரி, ஐந்து மார்க். மூன்று தப்பு, மூன்று போகும். அப்போதும் இரண்டு மிச்சம். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் இல்லை என்று அடித்துவிட முடிந்தால், நான்கு கேள்விக்கு இரண்டு சரி, பத்தில் இரண்டு போக எட்டு. நீட்டிலும் இப்படித்தான், லாபம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதிர்ஷ்டத்தை நம்பச் சொல்லவில்லை, ஒரு விடையையாவது தள்ள முடிகிற கேள்வியை வெற்றாக விடாதே என்கிறேன். மீதி எல்லாம் வேகம். ஒரு கேள்விக்கு 72 விநாடி வருகிறது. முதல் சுற்றில் பார்த்ததும் தெரிகிறவை மட்டும், முப்பத்தைந்து நிமிஷத்துக்குள். மோலாரிட்டி, செல் மின்னழுத்தம் மாதிரி கணக்குகள் இரண்டாவது சுற்றுக்கு.

அப்புறம் மவுஸ். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் போனில் பிறந்தவர்கள், மவுஸைப் பிடித்தால் கை நடுங்குகிறது. போன வருஷம் ஒரு பையன் விடையைத் தொட்டுவிட்டு, "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தாமல், வலது பக்கத்துக் கட்டத்தில் அடுத்த கேள்வி எண்ணை அழுத்தி அழுத்திப் போயிருக்கிறான். அப்படிப் போனால் விடை பதிவாகாது. இருபது நிமிஷம் கழித்து, கட்டமெல்லாம் ஏன் சிவப்பாகவே இருக்கிறது என்று பார்த்திருக்கிறான். பச்சை என்றால் விடை பதிவாகிவிட்டது, சிவப்பு என்றால் பார்த்துவிட்டு விட்டது, ஊதா என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று குறித்து வைத்தது, ஊதாவில் பச்சைப் புள்ளி இருந்தால் அந்த விடையும் கணக்கில் வரும். என்டிஏ தளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது. வாரம் இரண்டு தடவை, கடிகாரம் வைத்து, மவுஸ் பிடித்து.

அன்று மாமா போன் பேச வெளியே போனபோது, அப்பா சும்மா, வயலில் மண் களராக இருக்கிறது, ஜிப்சம் போடச் சொன்னார்கள் என்றார். அதுவரை வாய் திறக்காத பெண், "ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் போயி மண்ணுல ஒட்டியிருக்கிற சோடியத்தை வெளிய தள்ளும்ப்பா, அப்புறம் தண்ணி கட்டி வடிச்சாத்தான் அது போகும், சும்மா போட்டா பிரயோஜனமில்ல" என்றாள். பிளஸ் டூ புத்தகத்தில் இது இந்த வடிவத்தில் கிடையாது, அவளாகவே யோசித்துப் பிடித்திருக்கிறாள். டாக்டர் ஆகணுமா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள், பதில் இல்லை. எனக்கு அதுவே பதில்.

எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் வழியில் படித்தவளுக்கு முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும். எம்.எஸ்சி. முடித்தாலும் உடனே வேலை என்று உத்தரவாதம் இல்லை. ஆய்வு, ஆய்வகம், கல்லூரி ஆசிரியர் என்று பாதை நீளமானது. ஆனால் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு செமஸ்டர் கட்டணத்தைப் பாருங்கள், பக்கத்தில் மாமா கொடுத்த கோச்சிங் நோட்டீஸை வையுங்கள். தோற்றாலும் எது தாங்கும் என்று உங்களுக்கே தெரியும், குத்தகை நிலத்தில் கணக்குப் பார்த்து விவசாயம் செய்கிறவர் நீங்கள்.

டிபிசியில் பணம் வந்ததும் முதலில் ஒரு மவுஸ். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் என் பழைய லேப்டாப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண்ணை அழைத்து வாருங்கள். மாமாவும் வரட்டும், அவருக்கும் ஒரு மாதிரித் தேர்வு போட்டுக் கொடுக்கிறேன்.