முறிந்த எலும்பு கூடுவதில் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

கேள்வி: கிருமியோடு சண்டை போடும் செல்களுக்கும் எலும்பு வளர்வதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: முறிந்த இடத்தில் ரத்தம் கட்டியதும் நியூட்ரோபில்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வரும், பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை. செத்த செல்களை விழுங்குவதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. இவை சுரக்கும், செல்களுக்கிடையே செய்தி சொல்லும் சைட்டோகைன் புரதங்கள், மஜ்ஜையிலும் எலும்பின் மேலுறையிலும் உள்ள ஸ்டெம் செல்களை வரவழைக்கின்றன. அந்த ஸ்டெம் செல்லால் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாற முடியும். எதுவாக மாறும் என்பதிலும் இந்தப் புரதங்களுக்குப் பங்குண்டு.

கேள்வி: ஓர் உதாரணம் சொல்லுங்கள் சார்.

பதில்: ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற சைட்டோகைன். மேக்ரோஃபேஜ் சுரக்கும் இது ஸ்டெம் செல்லின் ஏற்பியில் ஒட்டினால், உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் தூண்டப்படும். எலும்பாக்க மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், கொழுப்பாகும் போக்கு குறையும். 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மனித செல்களிலேயே இதைக் காட்டின.

கேள்வி: அப்போ எலும்பு முறிந்தால் வீக்க மாத்திரை போடக் கூடாதா?

பதில்: அழற்சியை, அதாவது வீக்கத்தைத் தூண்டும் காக்ஸ்-2 நொதி இல்லாத எலிகளுக்கு முறிவு ஆறத் தாமதமாகிறது. அந்த மாத்திரைகள் தடுப்பதும் இதே நொதியைத்தான். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். எந்நேரமும் மூட்டில் அழற்சிதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எலும்பு வளர வேண்டுமே, ஏன் அரிக்கிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அளவும் காலமும்தான் வித்தியாசம். டி.என்.எஃப். என்ற சைட்டோகைன் முறிவின் ஆரம்ப நாட்களில் தேவை. அது செயல்பட முடியாத எலிகளுக்கு எலும்பு கூடத் தாமதமாகிறது. அதே டி.என்.எஃப். மாதக்கணக்கில் நீடித்தால் எலும்பாக்கத்தை அடக்கும். போதாததற்கு, மூட்டுச் சவ்வுச் செல்களும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் ராங்க்-எல் என்ற புரதத்தைத் தருகின்றன. எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்களை உருவாக்குவது அதுதான். விசித்திரம் என்னவென்றால், முதுகெலும்பை இறுக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயில் அழற்சியின் தொடர்ச்சியாக வேண்டாத புது எலும்பு முளைக்கிறது.

கேள்வி: டி செல் என்றாலே எலும்புக்குக் கெடுதலா?

பதில்: இல்லை. எலிகளில் காமா-டெல்டா என்ற வகை டி செல்கள் சுரக்கும் ஐ.எல்.-17 என்ற சைட்டோகைன் முறிவு ஆற உதவுகிறது. முடக்குவாத மூட்டை அரிப்பதிலும் அந்த ஐ.எல்.-17க்குப் பங்கு இருக்கிறது!

கேள்வி: பல் இம்பிளான்ட்டுக்கு இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. இம்பிளான்ட் செய்யப்படும் டைட்டானியத்தின் மேற்பரப்பை நுண்ணிய சொரசொரப்பாகவும் நீரை ஈர்ப்பதாகவும் செய்தால், மேக்ரோஃபேஜ்கள் அழற்சியைத் தூண்டும் வகையை விட்டுக் காயத்தை ஆற்றும் வகைக்குச் சாய்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.