மதிப்பும் மதிப்புரையும்

கேள்வி: மாக்ஸ் ஷேலர் என்ற ஜெர்மன் தத்துவவாதி அறவியலில் பெரிய ஆள் என்கிறார்கள். ஆனால் மூன்று திருமணம், நடத்தைப் புகாரில் வேலையும் போனது என்று படித்தேன். இப்படிப்பட்டவரின் அறத்துக்கு என்ன மதிப்பு?
— வாசகர், கும்பகோணம்

பதில்: 'மதிப்பு' என்று போட்டுவிட்டீர்கள். அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கு மதிப்புரைதான் ஞாபகம் வரும். மதிப்புரை என்றால் என் கவிஞ நண்பர். அவர் வழியாகவே ஷேலரிடம் போவோம்.

நண்பருக்கு ஒரு பரிசு நிச்சயம் என்று ஊரே பேசியது. கிடைக்கவில்லை. 'நடுவர்களுக்குக் கவிதை தெரியாது' என்றார். அடுத்த வருடமும் கிடைக்கவில்லை. 'பரிசு என்பதே எழுத்தாளனுக்கு இழுக்கு' என்று நம் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டு பக்கமாக வெட்டிப் போட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

முதல் வருடத்து நண்பர் நம் பழைய நரி. சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும். மனக்காழ்ப்பைப் பற்றி 1912-ல் எழுதியபோது ஷேலரும் இந்த நரியைத்தான் பிடித்தார். நரி பழத்தைத்தான் பழிக்கிறது, இனிப்பைப் பழிக்கவில்லை என்பது அவர் கவனிப்பு. இனிப்பு நல்லது என்பதில் நரிக்குச் சந்தேகமே கிடையாது. காழ்ப்பு முற்றினால் நாக்கே மாறிவிடும். இனிப்புதான் கெட்டது என்று ஆகிவிடும். அதுதான் இரண்டாம் வருடத்து நண்பர். கிறிஸ்தவ அன்பே இப்படிப் புளித்துப் பிறந்ததுதான் என்றார் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. ஷேலர் அதை மறுத்து, பழியை நவீன நடுத்தர வர்க்க ஒழுக்கத்தின் தலையில் போட்டார்.

அறம் பற்றிய ஷேலரின் பெரிய நூல், தத்துவவாதி ஹுஸ்ஸர்லின் ஆண்டிதழில் 1913-லும் 1916-லுமாக வந்தது. சண்டை, பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி கான்ட்டோடு. அறத்தைக் கடமையின் வடிவமாகக் கறாராக வார்த்துவைத்தவர் கான்ட். ஷேலரோ, நிறம் கண்ணுக்குத் தெரிவதுபோல மதிப்பு உணர்வுக்கு நேரே தெரிகிறது என்றார். அதில் மேல் கீழும் உண்டு: இன்பம், அதற்கு மேல் உயிர்வளம், அதற்கு மேல் அழகு, நீதி, அறிவு, உச்சியில் புனிதம். எது மேல் என்று அறிய அவர் தந்த ஓர் உரைகல் எனக்குப் பிடிக்கும். ரொட்டியைப் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். கலைப்படைப்பை எத்தனை பேர் அனுபவித்தாலும் குறையாது, துண்டு போடவும் முடியாது. (முடியும். பத்திரிகை நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.)

சரி, உங்கள் புகார். 1910-ல் ம்யூனிக்கில் ஒரு பத்திரிகை அவர் சொந்த விவகாரத்தைக் கிளற, வழக்காகி, கற்பிக்கும் உரிமை போயிற்று. பிறகு கோட்டிங்கனில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஹோட்டலிலும் காபிக் கடையிலும் பேசினார். கேட்டவர்களில், பின்னாளில் தத்துவவாதியான எடித் ஸ்டைன் ஒருவர். 1919-ல்தான் கொலோனில் மறுபடி வேலை. 1928-ல் பிராங்க்பர்ட்டுக்கு மாறிய கையோடு மாரடைப்பில் 53 வயதில் போய்விட்டார். நடத்தையை யாரோ குத்திக்காட்டியபோது, 'கைகாட்டி மரம் தான் காட்டுகிற ஊருக்குப் போகுமா?' என்று கேட்டதாக ஒரு கதை உலவுகிறது.

நல்ல பதில்தான். ஆனால் கைகாட்டி சரியான ஊரைக் காட்டியதா என்று நீங்கள் கேட்கவில்லையே! 1915-ல் இதே மனிதர் ஜெர்மனியின் போரைப் புகழ்ந்து தடித்த புத்தகம் போட்டார். மதிப்புகளின் படிவரிசையை எழுதிய அதே கை. போர் நீள நீளச் சுருதி இறங்கியது என்பது வேறு. கோட்டிங்கனில் ஹுஸ்ஸர்லைச் சுற்றியிருந்த தத்துவ வட்டத்தின் அடால்ஃப் ராய்னாஹ் 1917-ல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் போர்முனையில் செத்தார். (ஷேலரைப் படித்துவிட்டுப் போனவர் அல்ல, 1914-லேயே தானாகச் சேர்ந்தவர்.) மூன்று கல்யாணத்தை எண்ணத் தெரிந்த நமக்கு இந்தப் புத்தகம் கண்ணில் படுவதில்லை. படுக்கையறை என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

நண்பரை மறந்துவிட்டேனே. மூன்றாம் வருடம் பரிசு கிடைத்துவிட்டது. புதுத் தொகுப்பு நேற்றுத் தபாலில் வந்தது. அட்டையில் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் பரிசின் பெயர். மதிப்புரைக்கு முறைப்படி இரண்டு பிரதிகள். நீங்கள் எழுதித் தருகிறீர்களா? இரண்டு பக்கத்துக்குள்.